அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தோம், வாக்கை மறந்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேர்தலிலோ அரசியலிலோ ஒரு அக்கறையும் இல்லை, கைபேசியே கதி என்று மனம் நொந்து எழுதியிருந்தார். வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். இரவு சாப்பிட்ட பிறகு திரும்ப எடுத்து வாசித்தேன். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்துவிட்டுப் போன வருடம் ஓய்வுபெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில். அவர் சொன்னது முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் குற்றம் சாட்டுவதென்றால் பிள்ளைகளிடம் போவதற்கு முன் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு தடவை வந்து போக வேண்டும்.

2024 செப்டெம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல். எனக்குக் கடமை விழுந்தது, முன்பு நான் ஐந்து வருடம் படிப்பித்த பாடசாலையில். முதல் நாள் பின்னேரமே வாக்குப்பெட்டியோடு போய் இறங்கிவிட்டோம். பிள்ளைகளின் மேசைகளை இழுத்து வரிசைப்படுத்தி, மட்டை மறைப்புகளை நிறுத்தி, உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி என்று ஒட்டி முடிக்க இருட்டிவிட்டது. கரும்பலகையில் யாரோ செய்த திரிகோண கணிதக் கணக்கு பாதியில் நின்றது. பின்சுவரில், பிள்ளைகளே பிரதிநிதிகளாக இருக்கிற மாணவர் பாராளுமன்றத்தின் அமைச்சர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று, வெயில் பட்டு எழுத்து மங்கிப்போய்த் தொங்கியது. சுகாதார அமைச்சர், சுற்றாடல் அமைச்சர் என்று எல்லாம் இருந்தது.

காலையில் பெட்டி வெறுமையாக இருக்கிறது என்று முகவர்களுக்குக் காட்டி, முத்திரை வைத்து, ஏழு மணிக்குத் தொடங்கினோம். பத்து மணி இருக்கும். ஒரு பிள்ளை உள்ளே வந்தாள். தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை என்னிடம் படித்தவள். நல்ல சட்டை, தலை நிறையப் பூ, கோயில் சடங்குக்கு வந்தது மாதிரி. அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். எழுதுவினைஞர் வாக்காளர் இடாப்பை மேலிருந்து கீழ் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். தகப்பன் பெயர் இருந்தது, தாய் பெயர் இருந்தது. அண்ணனின் பெயர்கூட இருந்தது. அவன் கட்டாரில் இருக்கிறான். இவள் பெயர் மட்டும் இல்லை.

"டீச்சர், ஐடி இரிக்குத்தானே, மறுகா ஏன் என்ர பேர் இல்ல?"

கடமையில் இருக்கிறவள் என்ன சொல்வது? திங்கட்கிழமை ஜீ.எஸ்.ஐப் (கிராம உத்தியோகத்தரை) போய்ப் பாருங்க மகள் என்றேன். கூட வந்த இரண்டு பிள்ளைகளும் விரலில் மையோடு வெளியே வந்தார்கள். அந்த மையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், தலையிலிருந்த பூவைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனாள்.

பிறகு விசாரித்தேன். அவள் பிறந்தது 2006 ஜனவரி. வயது சரி, முகவரி சரி, எல்லாம் சரி. ஜீ.எஸ். கொண்டுவந்த வாக்காளர் பதிவுப் படிவத்தைத் தகப்பன் நிரப்பியிருக்கிறார். "படிக்கிற புள்ளதானே, பிறகு பாப்பம்" என்று மகளின் பெயரை விட்டுவிட்டார். மகளுக்கு அப்படி ஒரு படிவம் வீட்டுக்கு வந்ததே தெரியாது. தகப்பனை ஏசி என்ன பயன்? படிக்கிற பிள்ளையும் வாக்காளர்தான் என்று அவருக்கு யார் சொன்னது?

இதே பிள்ளையின் அடையாள அட்டைக் கதை வேறு. பதினைந்து வயது ஆனவுடன் வகுப்பாசிரியை பெயர்ப்பட்டியல் எடுக்கிறார். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவரின் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார். ஸ்டூடியோவில் படம் எடுக்கவைத்து, அதிபரிடம் கையொப்பம் வாங்கி, ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பி, அட்டை வரும்வரை தலைமேல் பாரம். நானே ஒரு பிள்ளையின் சான்றிதழுக்காக வாவியைக் கடந்து பிரதேச செயலகத்துக்கு மூன்று தடவை அலைந்திருக்கிறேன். ஏன் இவ்வளவு கரிசனை? அட்டை இல்லாவிட்டால் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் பிரச்சினை வரும். பரீட்சைத் திணைக்களம் கேட்கிறது, அதனால் நாங்கள் ஓடுகிறோம். வாக்காளர் இடாப்பை எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். எங்கள் நாட்டில் உயர்தரம் எழுதி முடிக்கப் பத்தொன்பது வயது ஆகிவிடுகிறது. தரம் 13 வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் அநேகமானோர் வாக்குரிமை உள்ளவர்கள். நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவுசெய்கிற ஆட்களைத்தான் சப்பாத்து வெள்ளையாக இல்லை என்று காலையில் வாசலில் நிறுத்தி வைக்கிறோம். இது நேற்று வந்த சட்டமும் இல்லை. 1931-ல் சர்வசன வாக்குரிமை வந்தபோது வயது 21. அதை 18 ஆக்கியது 1959-ல். நான் பிறப்பதற்கு முந்திய கதை.

சட்டம் இந்தப் பிள்ளைகளுக்காக இன்னும் கொஞ்சம் இறங்கியும் வந்திருக்கிறது. முன்பு ஜூன் முதலாம் திகதி கணக்கு. அன்றைக்கு 18 ஆகவில்லை என்றால் அடுத்த வருடம்தான். 2021-ல் சட்டத்தைத் திருத்தி, வருடத்தின் இடையில் 18 ஆகிறவர்களையும் துணை இடாப்பில் சேர்க்க வழி செய்தார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பற்றி ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை. இடமாற்றம், சம்பள நிலுவை, கல்வி வலயத்துக் கூட்டம், இதுதான் பேச்சு. நானும் அதில்தான் இருந்தேன்.

தரம் 12, 13 வகுப்பாசிரியர் வரவு இடாப்பில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் போதும். இவர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறாரா, இல்லையா? இல்லாதவர்களின் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். அவரை ஒரு நாள் காலைக் கூட்டத்துக்கு அழைக்கலாம். அழைத்தால் வருவார், டெங்கு ஒழிப்புக்கு வருகிறவர் இதற்கு வரமாட்டாரா? இதற்குச் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கு மேல். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் மொத்த வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய நாலரை இலட்சம். ஒரு முழு மாவட்டத்தையும் இன்னொரு அரை மாவட்டத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டது மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் மூன்று இலட்சம் போனது. அதில் 1, 2, 3 என்று இலக்கம் போடச் சொன்னோம். இதில் கட்சிக்குப் புள்ளடி, அதாவது X அடையாளம், பிறகு கீழே வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களில் மூன்றுவரை புள்ளடி என்றோம். சனம் குழம்பாமல் என்ன செய்யும்? ஒரு தேர்தலில் எண்ணும் கடமையிலும் இருந்திருக்கிறேன். எந்தத் தேர்தல், எந்த மண்டபம் என்று சொல்லமாட்டேன், இரகசியம் காப்பதாகக் கையொப்பம் வைத்தவள். ஒரு சீட்டில் எல்லாக் கட்சிக்கும் வரிசையாகப் புள்ளடி போட்டிருந்தது, ஒருவரையும் மனம் நோகவிடாமல். இன்னொன்றில் அழகான கையெழுத்தில், "எங்கட ரோட்டப் போட்டுத் தாங்க." அந்தக் கையெழுத்துக்கு நானாக இருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

குடியுரிமைக் கல்வி என்று ஒரு பாடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லோருக்கும். பத்தாம் தரத்துக்கு வந்தவுடன் அது தெரிவுப் பாடம், வணிகக் கல்வியும் புவியியலும் இருக்கிற அதே கூடைக்குள். பதினைந்து வயதில், வாக்குக்கு மூன்று வருடம் இருக்கும்போது, அநேகமான பிள்ளைகளிடமிருந்து அந்தப் புத்தகம் கைநழுவிப் போய்விடுகிறது. இருக்கும்போது நாங்கள் படிப்பித்த முறையும் பெருமைப்படக் கூடியதில்லை. டொனமூர் அரசியல் யாப்பு 1931, சோல்பரி யாப்பு 1947 என்று பிள்ளை நித்திரையிலும் சொல்லும். உன் வட்டாரம் எது, உன் பிரதேச சபை எங்கே இருக்கிறது, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் எழுத வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முகட்டைப் பார்க்கும். பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்கு 1928-ல் கிடைத்தது, மூன்றே வருடத்தில் எங்கள் பாட்டிமாருக்கும் கிடைத்தது என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன். "டீச்சர், இது பாஸ்ட் பேப்பர்ல வந்ததா?" என்று முதல் வாங்கிலிருந்து கேள்வி வந்தது. பிள்ளையில் பிழையில்லை, அப்படிக் கேட்கத்தான் பழக்கியிருக்கிறோம்.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி செய்து பார்த்தேன். 2018-ல். மாணவர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பாசிரியை நான். அதுவரை தேர்தல் என்பது அதிபர் மனதில் இருக்கிற பெயரை வகுப்பாசிரியர்கள் கை உயர்த்தச் சொல்லி எடுப்பது. அந்த வருடம் உண்மையான வாக்குச்சீட்டு அடித்தோம், மறைப்பு வைத்தோம், ஒரு பிஸ்கட் பெட்டியை வாக்குப்பெட்டி ஆக்கினோம். தரம் ஏழுப் பிள்ளை ஒன்று சீட்டை எட்டாக மடித்து, பிறகும் திருப்தியில்லாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வந்து போட்டது. தலைமை மாணவன் தோற்றான். அதிபருக்கு முகம் கறுத்துவிட்டது.

அந்தப் பாராளுமன்றத்தின் முதல் பிரேரணை, பாதை. படுவான்கரையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகிற மிதவை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் அப்படித்தான் போவோம். இவற்றில் எது என்று எழுதினால் சம்பந்தப்பட்டவர்களுக்கு நோகும், விட்டுவிடுகிறேன். காலையில் அது நேரத்துக்கு வெளிக்கிடாவிட்டால் பிள்ளைக்கும் முதலாம் பாடம் இல்லை, ஆசிரியருக்கும் இல்லை. பிள்ளைகள் உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார்கள். அதற்கும் இல்லை.

அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம். அதில் வயது ஒன்றும் சொல்லவில்லை, "பிரசை" என்றுதான் இருக்கிறது. தரம் 12 பொடியன் ஒருவன் தன் பெயரிலேயே விண்ணப்பம் எழுதினான். பாதையின் நேர அட்டவணை என்ன, அதற்குப் பொறுப்பான அலுவலர் யார், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் ஓடவில்லை. மூன்று கேள்வி. பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் கீழே எழுதி, அடியில் கோடு போட்டான்.

மூன்றாவது கிழமை, ஒரு மாலை நேரம், அவனுடைய தாய் என் வீட்டு வாசலில். மேல்மூச்சு வாங்க, முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு. எடுத்துக் காட்டினார். அரச முத்திரை போட்ட மண்ணிற உறை, மகனின் முழுப் பெயர் தட்டச்சில். உடைக்கவில்லை. "டீச்சர், இவன் என்னத்தச் செய்தவன்? கோட்டுக்கா கூப்பிடுறானுகள்? சொல்லுங்க டீச்சர்." உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, உறையை உடைத்து வாசித்துக் காட்டினேன். நேர அட்டவணை இணைக்கப்பட்டிருந்தது. அலுவலரின் பதவிப் பெயர் இருந்தது. மூன்றாவது கேள்விக்கு, அப்படிப் பதிவேடு பேணப்படவில்லை என்று ஒரு வரி. கடைசியில், "தங்கள் உண்மையுள்ள." அந்த ஒரு வரியை அவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். தன் மகனுக்கு ஒரு கந்தோர்க்காரர் உண்மையுள்ள என்று எழுதியிருக்கிறார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அந்தத் தாயின் பயம் பைத்தியக்காரப் பயம் இல்லை. யுத்த காலத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன ஊர்கள் இவை. யார் யார் பிடித்தார்கள் என்ற கணக்கு இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். சுவரில் மாலை போட்ட படம் இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். "அரசியல் எண்டு எங்கட வீட்டுல ஒராள் போனது காணும் டீச்சர்" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் சொன்னபோது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் ஒன்றை யோசிப்பேன். அந்தக் காலத்தில் அரசியல் பிள்ளையைத் தேடி வந்தது, இரவில். இப்போது பிள்ளை பகலில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க, அதற்குப் பதில் தபாலில் வருகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் கூப்பிடுவதுதான் எங்கள் சங்கடம்.

பாடசாலைக்குள் அரசியல் வேண்டாம் என்று சொல்லும் அதிபர்களோடு எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. கட்சிக் கொடி வகுப்புக்குள் வரக்கூடாது. எந்தக் கட்சிக்கு வாக்கு என்று ஆசிரியர் கோடி காட்டினாலும் தப்பு. ஆனால் கட்டடம் திறக்க ஒரு அரசியல்வாதி வருகிறார் என்றால் காலை எட்டு மணியிலிருந்து பிள்ளைகளை வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்தி, பாண்ட் வாத்தியம் முழங்க, சின்னப் பிள்ளையிடம் மாலை கொடுத்து அனுப்புகிறோமே, அது என்ன பாடம்? ஐயா பதினொன்றரைக்கு வருவார். இரண்டு பிள்ளை மயங்கி விழும். அது அரசியல் இல்லை. அந்த ஐயாவிடம் ஒரு பிள்ளை எழுந்து கேள்வி கேட்டால் அரசியல்! பாதை விவகாரத்துக்குப் பிறகு அதிபர் என்னைக் கூப்பிட்டு, "வலயத்தில கேட்டா நான் என்ன டீச்சர் சொல்லுற?" என்றார். நல்ல மனுஷன். கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது. ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991-லேயே ஏற்றுவிட்டது, அதன் 12-ஆம் உறுப்புரை பிள்ளையைப் பாதிக்கிற விடயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போனது. பிஸ்கட் பெட்டியும் எங்கோ போனது.

இன்னொரு வேடிக்கை. எங்கள் பாடசாலைகளில் அநேகமானவை மாகாணப் பாடசாலைகள். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். அதன் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். 2012-ல் முதல் வாக்குப் போட்டவர்களுக்கு இன்று முப்பது கடந்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால் வந்த ஒருவரும் தாங்கள் படித்த பாடசாலையை நடத்துகிற சபைக்கு ஒரு தடவைகூடப் புள்ளடி போட்டதில்லை. மாகாண சபையின் அதிகாரங்கள் யாவை என்று பிள்ளைகளுக்கு வினாத்தாளில் கேள்வி வருகிறது. பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பிள்ளையும் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியின் பிள்ளையும் ஊர் எல்லையில் ஒரே கடையில் ஐஸ்கிறீம் வாங்குகிறார்கள், ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஒரே வாங்கில் உட்காராமல் படித்து முடிக்கிறார்கள். இரண்டு ஊர் மாணவர் பாராளுமன்றமும் வருடத்தில் ஒரு நாளாவது ஒன்றாகக் கூடினால் என்ன? வடிகாலும் குப்பையும் இரண்டு ஊருக்கும் பொதுதானே. இதை விரித்தால் உங்கள் பக்கம் காணாது.

இளைஞர் முன்வரவில்லை என்று எழுதியவருக்கு ஒன்று. உள்ளூராட்சித் தேர்தலில் இளைஞருக்கு வேட்பாளர் பட்டியலிலேயே பங்கு ஒதுக்கிச் சட்டம் இருக்கிறது. 2025-ல் நியமனப் பத்திரம் கொடுத்தபோது அந்த இளைஞரின் வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் நாடு முழுக்கப் பல பத்திரங்கள் தள்ளப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை போனது. எனக்கு அந்தச் செய்தியை வாசிக்கும்போது சிரிப்பும் வந்தது. சான்றிதழின் பிரதியை எப்படி அத்தாட்சிப்படுத்துவது என்று தெரிந்த ஒரு வகுப்பாசிரியை ஒவ்வொரு கட்சிக் காரியாலயத்திலும் இருந்திருந்தால் பாதிப் பத்திரம் தப்பியிருக்கும்.

பூ வைத்துக்கொண்டு வந்த பிள்ளையைப் போன மாதம் களுவாஞ்சிகுடிச் சந்தையில் கண்டேன். உயர்தரம் முடித்துவிட்டுத் தையல் படிக்கிறாள். இடாப்பில் பெயர் வந்துவிட்டதாம். தகப்பன் நிரப்பவில்லை, இவளே ஜீ.எஸ். வீட்டுக்குப் போய்ப் படிவம் வாங்கி, தம்பியின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவனுக்கும் 18 ஆகிவிட்டது. "டீச்சர், அடுத்த பிரதேச சபைத் தேர்தல் வந்தா எங்கட வீடு எந்த வட்டாரத்துக்குள்ள வரும்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் மீன் வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடை வாங்கில் இருந்து, அவளுடைய கைபேசியில்தான் தேடிப் பார்த்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு